அத்தானின் கண்ணாடியில் நான்

விசேஷ நாளில் எந்த வீட்டுக் கணினிப் பெட்டியையும் புதுப்பிக்கக் கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அதை நானே மீறினேன். அக்கா மகளின் நிச்சயதாம்பூலத்தன்று காலை ஏழு மணிக்கு, பல் தேய்த்துக்கொண்டே, இடது கையால் மீறினேன். பதினோரு மணிக்கு மண்டபத்தில் முந்நூறு பேர் முன்னிலையில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஐம்பத்தொரு வயது வரை கூடிவராத காரியம். பெண் இன்னொருவர் மனைவி.

முதலிலிருந்து சொல்வதுதான் முறை. என் பெயர் பிரமநாயகம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன். மாணவர்கள் உடைத்தது போக மிச்சமிருக்கும் குடுவைகளைக் கழுவி வைப்பவன் என்று புரிந்துகொண்டால் போதும். அது சம்பளத்துக்கு. சம்பளமில்லாமல் இன்னொரு உத்தியோகம் உண்டு. எங்கள் சொந்தக்காரர்களின் ஒன்பது வீடுகளில் ஒன்பது லினக்ஸ் கணினிகள் ஓடுகின்றன. ஒன்பதுக்கும் வைத்தியன் நான்தான், காவல்காரன் நான்தான், ஏதாவது ஆனால் வசவு வாங்குபவனும் நான்தான். “பிரமு, திரையில என்னமோ கேக்குது, ஆமான்னு சொல்லட்டா, இல்லன்னு சொல்லட்டா?” என்று கேட்காத சொந்தம் எனக்கு இல்லை. என்ன கேட்கிறது என்று வாசிக்கச் சொன்னால், அதற்குள் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பெட்டிகள் வெறும் கணினிகளாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஆறு வருடங்களுக்கு முன் முகச் சட்டம் வந்தது. மனிதர்களின் முகங்களைக் கம்பெனிகள் சேர்த்து வைக்கக் கூடாது, அவரவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கணினியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் அடையாளக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு எதிரே வருபவர் யார் என்று சொல்ல வீட்டிலேயே ஒரு பெட்டி வேண்டும், அதை ஓயாமல் புதுப்பிக்க ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் யார் என்று சட்டம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

எங்களில் அந்தக் கண்ணாடி போட்டிருப்பவர் ஒருவர்தான். என் அக்கா வடிவின் கணவர், உலகநாதன் அத்தான். நான்கு வருடங்களுக்கு முன் மூளையில் ரத்தம் அடைத்தது. கை திரும்பியது, கால் திரும்பியது, நாக்கு முன்னைவிடக் கூர்மையாகத் திரும்பியது. மனிதர்களை அடையாளம் காணும் இடம் மட்டும் திரும்பவில்லை. முகம், குரல், உறவு மூன்றும் போயிற்று. பழைய சம்பவங்களிலும் ஆள் சம்பந்தப்பட்டதெல்லாம் அழிந்துவிட்டது. சாம்பாரில் பெருங்காயம் கூடினால் கண்டுபிடிப்பார். சாம்பார் வைத்தது யார் என்று கேட்டால் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடியின் அடியில் பச்சை எழுத்தில் பெயரும் முறையும் ஓடும். அத்தானுக்கு அது வேதவாக்கு.

அந்த முறை சொல்லும் நிரலை எழுதியவன் நான். வெளிநாட்டு நிரல்களுக்கு அங்கிள், ஆன்ட்டி, கசின் மூன்றைத் தவிர வேறு தெரியாது. எங்கள் பக்கம் ஒரே ஆள் ஒரு வழியில் மாமாவாகவும் இன்னொரு வழியில் அண்ணனாகவும் இருப்பார். எந்த வழியைச் சொன்னால் அவருக்குக் கோபம் வராது என்று கணக்கிடுவதற்கு அமெரிக்காவில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கண்ணாடியெல்லாம் வரும் முன்பே, எல்லாக் குடும்பத்தையும் அட்டவணையாக ஏற்றினேன். ஏற்றிக்கொண்டே வந்து என் வரிக்கு வந்தபோது மனைவி என்ற கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டம் புதிதாகத் திறந்து எழுதினேன்: காந்திமதி. நிச்சயம். தேதி.

காந்திமதி உலகநாதன் அத்தானின் தங்கை. எனக்கும் அவளுக்கும் நிச்சயம் ஆனது உண்மை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அத்தான் எங்கள் வாசலுக்கு வந்து, தெருவில் நாலு பேர் நிற்க, “குடுவை கழுவுதவனுக்கு எந்தங்கச்சியைக் குடுக்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனதும் உண்மை. இருபத்து மூன்று வருடம் ஆயிற்று. நடந்ததைத்தானே எழுதுகிறோம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இந்த மாதிரி நியாயங்களுக்கென்றே கணினிகளில் இடம் தாராளமாக இருக்கிறது.

பழைய நிரல் அந்தக் கட்டத்தைக் கண்டுகொள்ளவில்லை. புதிய பதிப்பில் நான் புத்திசாலித்தனம் சேர்த்தேன். ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் தேதியோடு ஒரு தொடர்பு இருந்தால் அது கல்யாணம். ஒரு பெண்ணுக்கு இரண்டு கல்யாணம் தென்பட்டால் முந்தையதே செல்லும், பிந்தையதைத் தள்ளு. எந்தப் பதிப்பையும் முதலில் என் கணினியில் ஓட்டிப் பார்ப்பேன். பிறகு கோவில்பட்டிச் சித்தப்பா வீட்டில், ஏனென்றால் அவர் சீட்டாடுவதைத் தவிர வேறெதற்கும் அதைத் திறப்பதில்லை. ஒரு வாரம் புகை வராவிட்டால்தான் மற்ற வீடுகளுக்கு. அன்றைக்கு, அத்தான் மண்டபத்தில் ஒருவரையும் தவறாகக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், நேராக அனுப்பினேன்.

எங்கள் வழக்கப்படி தாம்பூலத் தட்டு மாற்றும்போது பெண்ணின் அத்தையும் அத்தையின் கணவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். காந்திமதியின் கணவர் ஐயம்பெருமாள், தென்காசி பஸ் டெப்போவில் மேலாளர், பட்டுச்சேலை வைத்த தட்டோடு முன்னே வந்தார். அத்தான் அவரைக் கண்ணாடி வழியாக ஒரு முறை பார்த்தார். மிகவும் மரியாதையாக, “நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரவியளா? அந்தப் பக்கம் உக்காரலாமே” என்றார். பிறகு பந்தி வரிசையில் வாழைத்தண்டு போல நின்றிருந்த என்னைப் பார்த்து முகமெல்லாம் விரிந்தார்.

“வாங்க, வாங்க. அவ அப்பவே வந்துட்டா, நீங்க எங்க போனீய? ஏம்மா காந்திமதி, ஒன் வீட்டுக்காரரு வந்துட்டாவ. ரெண்டு பேரும் சேந்து வந்து நில்லுங்க.”

நாதஸ்வரக்காரர் கூட நிறுத்திவிட்டார். அத்தான் என் தோளில் கை போட்டு அழைத்துப்போய் காந்திமதியின் பக்கத்தில் நிறுத்தினார். இருபத்து மூன்று வருடமாக என் மேல் அந்தக் கை பட்டதில்லை. ஐயம்பெருமாள் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். காந்திமதி பின்னாலேயே போனாள். வாசலில் ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வேண்டுமென்றே செய்தேன் என்று முந்நூறு பேரும் தீர்ப்புச் சொன்னார்கள். நிரலில் கோளாறு என்றேன். கணினிமேல் பழி போடுவது நம் ஊரில் மின்சாரத்தின்மேல் பழி போடுவது மாதிரி. ஒருவரும் நம்பமாட்டார்கள், ஒருவராலும் மறுக்கவும் முடியாது. கடைசியில் சமையல்கட்டுப் பக்கம் அக்காவைப் பிடித்து, சரி, வேண்டுமென்றே செய்தேன் என்றே இருக்கட்டும், அன்றைக்கு அத்தான் ஏன் என் கல்யாணத்தை நிறுத்தினார், அதை மட்டும் சொல் என்று கேட்டேன்.

“அதெல்லாம் என்னத்துக்குல இப்ப?” என்றாள் அக்கா.

இதுதான் பதில். இருபத்து மூன்று வருடமாக இதுதான். அம்மா இருந்தவரை ஜாதகம் என்றாள். சித்தப்பா நேரம் என்றார். அக்கா என்னத்துக்கு என்பாள். அத்தான் வாசலில் சொன்னது எனக்கு ஒருநாளும் போதவில்லை. நான் குடுவை கழுவுகிறேன் என்பது நிச்சயம் செய்தபோதே அவருக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் என்ன மாறியது? அவருக்கு மூளையில் அடைப்பு வந்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். மச்சினனுக்கு எவ்வளவு பாசம் என்று பார்த்தவர்கள் உருகினார்கள். பதில் உள்ளேயே செத்துப்போயிற்றே என்றுதான் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிழையைத் திருத்தினேன். நாற்பது நிமிட வேலை. இனி சரியாகக் காட்டும் என்று சொல்லி அத்தான் முன்னால் போய் நின்றேன். பச்சை எழுத்து ஓடியது: பிரமநாயகம், மைத்துனர், ஆய்வக உதவியாளர். அத்தானின் முகம் அந்த நொடியே சுருங்கியது.

“ஏல பிரமு, முந்நூறு பேரு முன்னாடி மானத்தை வாங்கிட்டியாமே. குடுவை கழுவுத மாதிரி அவசர அவசரமாப் பாக்காத. ஒழுங்காப் பாரு.”

ஒரு வாரத்துக்கு முன் இதே வாயில் ‘வாங்க, வாங்க’ வந்தது. ஒரு வரியை மாற்றினால் ‘வாங்க’, மாற்றாவிட்டால் ‘ஏல’. இருபத்து மூன்று வருட வன்மத்தை எடுத்து வெளியே வைக்க ஒரு வரி இடம் போதும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பெட்டியின் முன் மறுபடி உட்கார்ந்தேன். அத்தானின் அட்டவணையில் என் வரியில், பெயரையும் கணக்கிட்டு வரும் முறையையும் அடித்துவிட்டு, கையால் எழுதினேன்: உங்களால் வாழ்க்கை கெட்டவர்.

பெட்டி கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கணினிகளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

மறு ஞாயிறு நான் உள்ளே நுழைந்ததும் அத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தது மட்டுமில்லை, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். “வாங்க. உக்காருங்க” என்றார். நான் உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. அக்கா கொண்டுவந்த காப்பியை அவரே வாங்கி என்னிடம் நீட்டினார். தட்டில் கொஞ்சம் சிந்தியது.

“நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?” என்று கேட்டார்.

“நீங்கதான் சொல்லணும்” என்றேன்.

அந்தக் காப்பியின் ருசியை எப்படிச் சொல்வது? சர்க்கரை போட அக்கா மறந்திருந்தாள். அப்படியும் அது என் வாழ்நாளிலேயே சிறந்த காப்பி. நான்கு மடக்கில் முடிக்க வேண்டியதை அரைமணி நேரம் குடித்தேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே நான் உயிரோடிருந்தேன். பெட்டியில் வேலை எதுவும் இருக்காது. இருந்தாலும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது தட்டுவேன். அத்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பார். உங்கள் நிலத்தை எழுதி வாங்கிவிட்டேனா? இல்லை. கைநீட்டி அடித்தேனா? இல்லை. பொய்ச்சாட்சி சொன்னேனா, வேலைக்கு உலை வைத்தேனா, வீட்டில் யாரையாவது தகாத வார்த்தை பேசினேனா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது. சின்னத் தப்பெல்லாம் கழிந்தால் மிச்சமிருப்பது பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு மனிதன் தன்னைத்தானே எத்தனை குற்றங்களுக்குத் தகுதியானவனாக நினைக்கிறான் என்பதைச் சும்மா உட்கார்ந்து கேட்டேன். கணினி படித்ததற்கு அன்றுதான் முழுப் பலன் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். நான் அப்படிப்பட்டவன்தான். மறைத்து என்ன ஆகப் போகிறது?

நாலாவது வாரம் அவர் பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டதாக அக்கா சொன்னாள். கண்ணாடி அவரைப் பால்காரர் என்று மட்டும்தான் காட்டியிருக்கிறது. ஆனால் அத்தானுக்கு ஒரு சந்தேகம் பிறந்திருந்தது. இவ்வளவு பெரிய கேடு செய்ததே ஞாபகமில்லை என்றால், மற்றவர்களுக்கு என்னென்ன செய்தோமோ, பெட்டி தாட்சண்யத்துக்காகச் சொல்லாமல் விட்டிருக்கிறதோ என்று. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் கேட்டார். மாடி வீட்டுக்காரரிடம் கேட்டார். சொந்த மகளிடம் கேட்டார். அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். அழுகிறாளே, அப்படியானால் ஏதோ செய்திருக்கிறோம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கிறது. மணவறையில் நின்று தாரை வார்க்க மாட்டேன் என்கிறாராம். பாவம் செய்த கையால் பெண்ணைக் கொடுத்தால் அவள் விளங்கமாட்டாளாம். யார் சொல்லியும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டில் ஒரு மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள், அப்பா இல்லாமல் என்ன கல்யாணம் என்று.

என் கல்யாணத்தை நிறுத்தியவர் தன் வீட்டுக் கல்யாணத்தில் தானே நிற்க முடியாமல் போகிறார். நான் எழுதிய எந்த நிரலும் இவ்வளவு கச்சிதமாக முடிந்ததில்லை. போனை வைத்துவிட்டு அன்றைக்குக் கழுவிய குடுவைகளில் இரண்டை உடைத்தேன். சந்தோஷத்தில்தான் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது கூடத்தில் அத்தான் இல்லை. உள் அறையில் கட்டிலோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மடித்துத் தலையணைமேல் கிடந்தது. மூன்று நாளாகப் போட்டுக்கொள்ளவில்லையாம். கண்ணாடி இல்லாவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு ஒருவரும் இல்லை. மனைவி யாரோ ஒரு அம்மாள், மகள் யாரோ ஒரு பெண். அது தெரிந்துதான் கழற்றி வைத்திருக்கிறார்.

காலடி கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் நான் யாருமில்லை. மைத்துனன் இல்லை, வாழ்க்கை கெட்டவன் இல்லை, குடுவை கழுவுகிறவன்கூட இல்லை.

“யாரு தம்பி?”

“பெட்டி பாக்க வந்தேன்” என்றேன். பொய்யில்லை.

“நல்ல வேள” என்று கட்டிலில் இடம் காட்டினார். “ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கிழம தவறாம ஒருத்தர் வாராரு, ஒங்கள மாதிரிப் பெட்டி பாக்கத்தான். அவரு வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன். கெடுத்தவன் வீட்டுக்கே வந்து, எனக்கு எம்பொண்டாட்டி பிள்ளைய அடையாளம் தெரியணும்னு வேலை பாத்துட்டுப் போறாரு. ஒரு காப்பிக்கு மேல வாங்குறதில்ல. அப்படிப்பட்ட மனுஷனை என்ன செஞ்சு கெடுத்தேன்னு எனக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்களேன்.”

எனக்கும் தெரியாது என்றேன். அதுவும் பொய்யில்லை. அந்த அறையில் பதில் தெரியாதவர்கள் இரண்டு பேர் இருந்தோம். அதில் ஒருவர் நல்லவர்.

கூடத்துக்கு வந்து பெட்டியின் முன் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். அக்கா பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். காந்திமதி. தென்காசியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கையைக் கட்டிக்கொண்டு, நான் கணக்கை எப்படிப் போடப்போகிறேன் என்று பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“எடுக்கப் போறியா?” என்றாள் அக்கா.

எதை என்று கேட்டேன்.

“அஞ்சு வாரத்துக்கு முன்னாடி போட்டியே, அந்த வரிய.”

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் என்ன மாறியது என்று வரிவரியாக ஓர் அறிக்கையை அந்தந்த வீட்டுக்கே அனுப்பும்படி எல்லாப் பெட்டிகளிலும் அமைத்திருக்கிறேன். நான் நேர்மையானவன் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான். அந்தக் கடிதங்களை இந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடத் திறந்ததில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

“பன்னெண்டு வருஷமா ஒண்ணு விடாமப் படிக்கேன்” என்றாள் அக்கா. “பாதி புரியாது. இருந்தாலும் நீ எழுதுனதைப் படிக்க வேற யாரு இருக்கா?”

தெரிந்தும் ஏன் ஐந்து வாரம் சும்மா இருந்தாய் என்று கேட்டேன்.

“நீயே மனசு வந்து எடுத்துருவன்னு பாத்தேன். எடுக்கல. கல்யாணம் வந்துட்டு. நான் ஒங்க அத்தானுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், வாயத் திறக்க முடியாது. இவ யாருக்கும் பண்ணிக் குடுக்கல. அதான் வரச் சொன்னேன்.”

நான் வரியை எடுக்கிறேனா என்றுதான் காந்திமதி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பதிலைச் சொல், பிறகு எடுக்கிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது என்று இன்னமும் நினைக்கிறேன். உள்ளே அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழித்தேன். அதோடு நிற்கவில்லை. என் வரியில் பன்னிரண்டு வருடமாக இருந்த அந்தக் கட்டத்தையும் திறந்து, காந்திமதி, நிச்சயம், தேதி மூன்றையும் துடைத்தேன். கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். பெட்டி எல்லா முகங்களையும் மறுபடி எண்ணத் தொடங்கியது. மூன்று நிமிடம் ஆகும்.

அக்கா எழுந்தாள். உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுவிட்டு, பெட்டி தவறாகச் சொல்லிவிட்டது, நீங்கள் யாரையும் கெடுக்கவில்லை என்று அத்தானிடம் சொல்லப் போவதாகச் சொன்னாள்.

“பெட்டி சொல்லல, பிரமுதான் சொன்னான்னு சொல்லு” என்றேன். “வேணும்னே சொன்னான்னு சொல்லு. கல்யாணத்தன்னிக்கு மணவறையில நின்னு என்னை எம்புட்டு வேணும்னாலும் வையட்டும்.”

அக்கா உள்ளே போனாள். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர். இருபத்து மூன்று வருடத்தில் இப்படி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. எனக்குத் திரையைப் பார்ப்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“அத்தான்” என்றாள் காந்திமதி. என்னை அவள் அப்படித்தான் கூப்பிட வேண்டும், நிரலே அப்படித்தான் சொல்லும். “அன்னிக்குக் கல்யாணத்தை நிறுத்துனது அண்ணன் இல்ல. நான்.”

திரையில் முப்பது சதவீதம் என்று காட்டியது.

“அண்ணன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். ஏன்னுகூட அவிய கேக்கல. ‘நீ வாயத் திறக்காத, நான் பாத்துக்கிடுதேன்’னாவ. ‘பொண்ணே வேண்டாம்னு சொல்லிட்டான்னு தெரிஞ்சா அந்தப் பய உள்ளுக்குள்ளயே உடைஞ்சிருவான். நாலு பேரு முன்னாடி நான் வஞ்சுட்டு வந்தேன்னா என்னைத் திட்டிக்கிட்டாவது நல்லா இருப்பான்’னாவ. மைனிகிட்ட, ஒங்க அக்காகிட்ட, சத்தியம் வாங்குனதும் அதுக்குத்தான்.”

நன்றாகத்தான் இருந்திருக்கிறேன். அவரைத் திட்டிக்கொண்டே காலையில் எழுந்தேன், அவரைத் திட்டிக்கொண்டே லினக்ஸ் படித்தேன், ஒன்பது வீட்டுக்கும் வேண்டியவனானேன். உள்ளே அக்காவின் குரல் மெல்ல எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அத்தானின் குரல் ஒருமுறை உயர்ந்தது, ‘அந்தப் பயலா?’ என்று கேட்ட மாதிரி இருந்தது. பிறகு கட்டில் கிரீச்சிட்டது. அவர் எழுந்துவிட்டார்.

மண்டபத்து வாசலில் அவள் கண்ணில் கோபம் ஏன் இல்லை என்று எனக்கு இப்போது புரிந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. வேறு யாரையாவது மனதில் வைத்திருந்தாயா என்று கேட்டேன்.

“யாரும் இல்ல.”

“என் வேலையா?”

“இல்ல.”

“நான் ஏதும் சொல்லிட்டேனா, செஞ்சிட்டேனா?”

“ஒண்ணும் செய்யல.”

“பொறவு ஏன்?”

அவள் கட்டியிருந்த கையைப் பிரித்து மடியில் வைத்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“காரணம்னு ஒண்ணும் கிடையாது, அத்தான். எனக்கு ஒங்களைக் கட்டிக்கிடப் பிடிக்கல.”